பழைய எல்எஸ்டி: சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பத்தில் இரு பின்சக்கரங்களையும் வேறுவேறு வேகத்தில் சுற்ற விடுவது டிஃபரன்ஷியல்; அதில் ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், சுருக்கமாக எல்எஸ்டி. பழைய வண்டியிலிருந்து கழற்றிய லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலை வாங்குவது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த குறிப்பில் இரண்டு இடங்களைத் திருத்த வேண்டும். "பின்சக்கரம் இரண்டையும் தூக்கி ஒன்றைக் கையால் சுழற்றுங்கள், மற்றதும் அதே பக்கம் சுற்றினால் எல்எஸ்டி, எதிர்ப்பக்கம் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல்" என்பது ஒன்று. "எந்த எல்எஸ்டியாக இருந்தாலும் கிரவுன் ஆயிலோடு ஒரு பாட்டில் எல்எஸ்டி அடிட்டிவ் ஊற்றினால் போதும்" என்பது மற்றொன்று. கிரவுன் ஆயில் என்பது டிஃபரன்ஷியலில் ஊற்றும் கியர் ஆயில்; அடிட்டிவ் என்பது அதோடு கலக்கும் உராய்வுச் சீராக்கி. முதலாவதை அப்படியே நம்பினால் நல்ல டோர்சனை (பல்சக்கர வகை எல்எஸ்டி) ஒதுக்கிவிட்டு, உள்ளே உள்ள சிறு கியர்களான ஸ்டார் பினியனுக்கு வெல்டு வைத்துப் பூட்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர நேரும். இரண்டாவதை நம்பினால், சரியாக வாங்கிய சாமானும் பிடிப்பு குறைந்து போகும்.

எல்எஸ்டி என்ற ஒரே பெயரில் உள்ளே முற்றிலும் வேறுவேறான அமைப்புகள் இருக்கின்றன. கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்தால்தான் எப்படிச் சோதிப்பது, எந்த ஆயில் ஊற்றுவது, தேய்ந்தால் சரிசெய்ய முடியுமா என்பதற்கெல்லாம் பதில் கிடைக்கும். அதனால் வகையிலிருந்தே தொடங்குகிறோம்.

அதிகம் கிடைப்பது பிளேட் வகை. சைடு கியருக்கு (ஆக்ஸில் ஷாஃப்ட் கோக்கும் கியர்) பின்னால், கிளட்ச் போல, உராய்வுப் பிளேட்டும் இரும்புப் பிளேட்டும் மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். உராய்வுப் பிளேட் சைடு கியரின் ஸ்பிளைனில் (நீளவாக்குப் பற்களில்) கோத்திருக்கும். இரும்புப் பிளேட்டின் காதுகள் வெளிக்கூட்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இந்த அடுக்கை எப்போதும் அழுத்திக்கொண்டிருப்பதால் ஒரு சக்கரம் வழுக்கும்போது மற்றதற்கும் கொஞ்சம் இழுவை போய்ச் சேர்கிறது. ஃபோர்டின் டிராக்ஷன்-லாக், டானாவின் டிராக்-லாக், ஈட்டன் போசி எல்லாம் இந்தக் குடும்பம். இதையே பிளேட்டுக்குப் பதில் கூம்பு வைத்துச் செய்தது ஆபர்ன் வகை. கூம்பு நேராக வெளிக்கூட்டின் உட்சுவரில் உரசுகிறது. சுவர் தேய்ந்தால் மாற்றிப் போட உதிரி கிடையாது என்பதால், பழைய கூம்பு வகையில் பிடிப்பு போயிருந்தால் அதை மீட்க வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டோர்சன், குவைஃப், ஈட்டன் ட்ரூடிராக் ஆகியவை பல்சக்கர வகை. இவற்றில் பிளேட் அடுக்கு வேலையைச் செய்வதில்லை. சாய்வுப் பற்கள் கொண்ட கியர்கள் பளு ஏறும்போது ஒன்றையொன்று அழுத்தி வழுக்கலைத் தடுக்கின்றன. பிடிப்புள்ள சக்கரத்துக்கு, வழுக்கும் சக்கரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு திருப்புவிசை போகும். ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதன் திருப்புவிசை பூஜ்யம். பூஜ்யத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூஜ்யம்தான். அந்த நேரத்தில் பிரேக்கை லேசாக மிதித்தால் வண்டி நகரும். இது பழுதல்ல, அந்த அமைப்பின் இயல்பு.

விஸ்கஸ் வகையில் மூடி சீல் வைத்த உருளைக்குள் சிலிக்கோன் திரவமும் துளையிட்ட தகடுகளும் இருக்கும். வேக வித்தியாசம் கூடக்கூட இறுக்கமும் கூடும். பழசானால் திரவம் வலுவிழந்து சாதாரண டிஃபரன்ஷியல் போல ஆகிவிடும். சூடு அதிகம் கண்டது இறுகிப் பூட்டிக்கொள்வதும் உண்டு. இரண்டுக்கும் தீர்வு உருளையையே மாற்றுவதுதான்.

கடைசியாக லாக்கர்கள். ஜிஎம் பிக்கப்களில் வந்த ஈட்டன் ஜி80-க்குள் ஒரு கவர்னர் எடை இருக்கிறது. இரு சக்கரங்களுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்ததும் அது வெளியே விரிந்து கொக்கி போட்டு முழுமையாகப் பூட்டுகிறது; மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் பூட்டாது. சாதாரண ஓட்டத்தில் இது முழுக்க முழுக்கச் சாதாரண டிஃபரன்ஷியல்தான்.

இனி அடையாளம். வண்டியோடு பார்க்க முடிந்தால் முதலில் தகட்டையும் ஸ்டிக்கரையும் தேடுங்கள். ஃபோர்டு ஆக்ஸிலில் கவர் போல்ட்டில் மாட்டிய சிறு தகட்டில் விகித எண்ணின் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றும் என்ற எண்) நடுவே ஆங்கில எல் எழுத்து இருந்தால், அதாவது 3எல்73 என்று இருந்தால், 3.73 விகித எல்எஸ்டி. எல் இல்லாமல் 3, 73 என்று மட்டும் இருந்தால் சாதாரணம். பிஎம்டபிள்யூ டிஃபரன்ஷியலில் விகிதத்துக்கு முன் எஸ் எழுத்து இருக்கும். ஜிஎம் வண்டிகளில் டேஷ்போர்டு பெட்டியின் உட்பக்கமோ டிக்கியிலோ ஒட்டிய பட்டியலில் ஜி80 என்ற குறி வரும். ஆனால் இந்த ஜி80 குறியை வைத்துக்கொண்டு அவசரப்படக் கூடாது. பிக்கப்பில் அதன் பொருள் கவர்னர் லாக்கர். கமேரோவில் ஒரு காலத்தில் ஆபர்ன் கூம்பு, பின்னர் டோர்சன். ஒரே குறி, மூன்று வெவ்வேறு சாமான், ஆயில் விதியும் வேறு. தகடும் ஸ்டிக்கரும் வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் நிலையைத்தான் சொல்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். நடுவில் யாராவது ஆக்ஸிலையே மாற்றியிருக்கலாம். தகடு ஒரு போல்ட்டில் தொங்குவது. அதை இன்னொரு ஆக்ஸிலுக்கு மாற்றி மாட்ட ஒரு நிமிடம் போதும்.

சாலையில் இரண்டு டயர் தடம் பதிந்திருப்பதைக் காட்டி "பாருங்கள், எல்எஸ்டி" என்று விற்பவர்களும் உண்டு. இரு பக்கமும் ஒரே பிடிப்புள்ள தார் ரோட்டில் நேராக நின்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சாதாரண டிஃபரன்ஷியலும் இரண்டு தடம் போடக்கூடும். ஏபிஎஸ் வழியாக ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்து வழுக்கலைக் குறைக்கும் டிராக்ஷன் கண்ட்ரோல் வண்டிகளும் அதே தோற்றத்தைத் தரும். தடத்தை ஆதாரமாக ஏற்காதீர்கள்.

கையால் சுழற்றும் சோதனையை முறையாகச் செய்தால் பயன் உண்டு. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்பக்கம் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஆக்ஸிலுக்கு அடியில் இருபுறமும் ஸ்டாண்டு கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். இன்ஜின் நிறுத்தியே இருக்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து ஒரு சக்கரத்தைச் சுழற்றுவதுதான் பலரும் செய்வது. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நியூட்ரலில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் தாராளமாகச் சுற்றும் என்பதால், சாதாரண டிஃபரன்ஷியலிலும் உள்ளே வாஷர்கள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் இரு சக்கரமும் ஒரே பக்கம் சுற்றிவிடும். ஆகவே இதே சோதனையைக் கியரில் போட்டும், ஆட்டோமேட்டிக்காக இருந்தால் பார்க்கில் வைத்தும், ஒருமுறை செய்ய வேண்டும். அப்போது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் அதன் முனையிலுள்ள டெயில் பினியனும் அசையாது. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் எளிதாகச் சுற்றும், மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும். நல்ல நிலையில் உள்ள பிளேட் வகையிலும் கூம்பு வகையிலும் வெறும் கையால் சக்கரத்தை அசைக்கவே முடியாது, அல்லது மிகுந்த சிரமப்பட்டுத்தான் நகரும். நான்கு சக்கர இழுவை வண்டியாக இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்சக்கர இழுவையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கியரில் போட்ட நிலையில் சக்கரம் எளிதாகச் சுற்றினால் உடனே சாதாரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தேய்ந்துபோன பிளேட் வகை அப்படித்தான் நடக்கும். முன்னழுத்தம் (எப்போதும் அழுத்தும் ஸ்பிரிங்) இல்லாத டோர்சன் வகை புதிதாக இருக்கும்போதே அப்படித்தான் சுற்றும். பளு இல்லாமல் அதன் பற்கள் அழுத்தாது. ஜி80 லாக்கரும் மெதுவாகச் சுழற்றினால் சாதாரணம் போலவே தெரியும். விஸ்கஸில் ஒரு வித்தியாசத்தைக் கையிலேயே உணரலாம்: மெதுவாகத் தள்ளினால் வழிவிடும், வேகமாகத் தள்ளினால் எதிர்க்கும். நேர்மாறாக, எவ்வளவு நீளமான கம்பி போட்டு நெம்பினாலும் சக்கரங்களுக்கு இடையே துளி வழுக்கலும் இல்லையென்றால் அது பூட்டியே கிடக்கும் லாக்கர், இறுகிப்போன விஸ்கஸ், அல்லது வெல்டு வைத்தது. சாதாரணச் சாலையில் வெல்டு வைத்ததை ஓட்டினால் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் துள்ளும், ஆக்ஸில் ஷாஃப்ட் முறுக்கேறி ஒருநாள் உடையும்.

பிளேட் வகை என்று தெரிந்த பிறகு எவ்வளவு பிடிப்பு மிச்சம் இருக்கிறது என்று அளக்க வேண்டும். ஒரு பின்சக்கரம் தரையில் இருக்கட்டும், அதற்கு இருபுறமும் கட்டை. மற்றதைத் தூக்குங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விட்ட நிலை. தூக்கிய பக்கம் டார்க் ரெஞ்ச் போட்டு, அசையத் தொடங்கும் அளவையும் தொடர்ந்து சுற்றும் அளவையும் குறியுங்கள். ஃபோர்டு டிராக்ஷன்-லாக்குக்குக் குறைந்தபட்சம் 27 நியூட்டன் மீட்டர் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் பிளேட் வேலை இருக்கிறது. மற்ற வகைகளுக்கு அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தயாரிப்பின் எண் மற்றதற்குப் பொருந்தாது.

டார்க் ரெஞ்சைச் சக்கர நட் ஒன்றில் போட்டு அளப்பது தவறு. நட் மையத்திலிருந்து விலகி இருப்பதால் அளவு பிசகும். சக்கரப் போல்ட்டுகளில் மாட்டும் ஒரு தகட்டின் சரியான நடுவில் நட் ஒன்றை வெல்டு செய்து, அதில் ரெஞ்ச் போட வேண்டும். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் டயரைச் சுற்றிக் கயிறு போட்டு ஸ்பிரிங் தராசால் இழுக்கலாம். டயரின் ஆரம் 33 சென்டிமீட்டர், தராசு காட்டுவது 10 கிலோ என்றால் ஏறத்தாழ 32 நியூட்டன் மீட்டர். பிரேக் ஷூ உரசிக்கொண்டிருந்தால் அந்த உரசலும் கணக்கில் ஏறிவிடும். டிரம்மைக் கழற்றிப் பார்த்து, உரசல் இல்லையென்று உறுதி செய்த பிறகே அளக்க வேண்டும். நல்ல அடுக்கு ஒரே சீராகச் சுற்றும். ஒரு சுற்றுக்குள் இறுகி, தளர்ந்து, மீண்டும் இறுகினால் பிளேட் வளைந்திருக்கிறது.

கழற்றி வைத்த சாமானை வாங்கும்போது இந்த வசதி எதுவும் இல்லை. ஆனால் கண்ணால் பார்க்கும் வசதி இருக்கிறது, அது இன்னும் மேல். பின் கவர் உள்ள ஹவுசிங் (ஆக்ஸிலின் நடு உடல்) என்றால் கவரைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்க மறுத்தால் வாங்க வேண்டாம். கூட்டின் ஜன்னல் வழியாக ஸ்டார் பினியன்களுக்கு நடுவே எஸ் வடிவ ஸ்பிரிங் தெரிந்தால் டிராக்ஷன்-லாக். இரண்டு தகடுகளுக்கு இடையே நான்கு சுருள் ஸ்பிரிங் தெரிந்தால் ஈட்டன் போசி. டிராக்-லாக்கில் ஸ்பிரிங் தட்டு அடுக்கின் பின்னால் ஒளிந்திருப்பதால் ஜன்னல் வழியாகப் பார்த்தால் சாதாரணம் போலவே தெரியும். சைடு கியருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பிளேட் விளிம்புகளைத் தேட வேண்டும். ஸ்டார் பினியனே இல்லாமல் சாய்வுப் பற்கள் கொண்ட உருளைக் கியர்கள் தெரிந்தால் பல்சக்கர வகை. ஸ்டார் பினியனும் சைடு கியரும் சேரும் இடத்தில் வெல்டு துளிகள் தெரிந்தால் கவரை மூடிவிட்டு நகரலாம்.

திறந்தபோதே ஆயிலைப் பாருங்கள். வடிகால் மூடியின் காந்தத்தில் மையைப் போலக் கரும்பசை படிந்திருப்பது இயல்பு. விரல்களுக்கு நடுவே தேய்த்தால் சுரசுரவென்று செதில் தட்டுப்பட்டால் பேரிங்கோ பல்லோ உதிர்கிறது. பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பேரிங்குகளில் துருப் புள்ளி இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். எரிந்த வாடை அடித்தால் பிளேட் சூடேறி ஓடியிருக்கிறது. ஆயிலே இல்லாமல் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பதும் நல்ல அறிகுறி அல்ல, ஏனென்றால் அது சொல்ல வேண்டிய கதையைத் துடைத்தெடுத்திருக்கிறார்கள்.

கிரவுன் (டெயில் பினியன் சுற்றும் பெரிய பல்சக்கரம்) பற்களில் பள்ளமோ, செதில் பெயர்ந்த இடமோ, நீலம் பாய்ந்த நிறமோ இருக்கக் கூடாது. டயல் கேஜ் வைத்துப் பேக்லாஷ், அதாவது கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவிலான பல் இடைவெளி, பாருங்கள். பல ஆக்ஸில்களில் 0.13 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை என்பது வழக்கமான அளவு. சில ஆக்ஸில்களில் இன்னும் அதிகமாக அனுமதிப்பார்கள். கிரவுனின் நான்கு இடங்களில் அளந்து, ஒன்றுக்கொன்று 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் கிரவுன் சரியாக உட்காரவில்லை அல்லது கூடு கோணியிருக்கிறது. பினியன் ஃப்ளேஞ்சை மேலும் கீழும் ஆட்டினால் துளியும் பிளே இருக்கக் கூடாது. ஃப்ளேஞ்சில் ஆயில் சீல் உதடு ஓடும் இடத்தில் நகம் தட்டும் அளவு பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீல் போட்டாலும் ஒழுகும். ஸ்டார் பினியன்கள் ஓடும் குறுக்கு ஷாஃப்ட்டில் படிக்கட்டு போல் தேய்மானம் இருக்கிறதா, அதைப் பிடித்திருக்கும் சிறு பூட்டு போல்ட் முழுதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த போல்ட் உடைந்தால் ஷாஃப்ட் வெளியே வந்து ஹவுசிங்கையே உடைக்கும். கழற்றிய போல்ட்டை மறுபடி போடாமல், புதியதை மரைப் பசை தடவிப் பூட்டுவதே சரி.

சாமான் நன்றாக இருந்தும் உங்கள் வண்டிக்குச் சேராமல் போவது அடிக்கடி நடக்கிறது. ஆக்ஸில் ஷாஃப்ட்டின் ஸ்பிளைன் பற்களை எண்ணுங்கள்: ஃபோர்டு 8.8 ஆக்ஸில் 28 பல்லிலும் 31 பல்லிலும் வந்தது, ஒன்று மற்றதில் நுழையாது. டானா 44 ஆக்ஸிலில் 3.73 விகிதம் வரைக்கும் ஒரு கூடு, 3.92-உம் அதற்கு மேலும் வேறு கூடு. கிரவுன் உட்காரும் இடத்தின் தூரம் மாறுகிறது. மாஸ்டா எம்எக்ஸ்-5-இல் 1.6 இன்ஜினோடு வந்த சிறிய டிஃபரன்ஷியலில் விஸ்கஸ். 1994 முதல் 1.8 இன்ஜினோடு வந்த பெரியதில் டோர்சன். பெரியதைப் பழைய 1.6 வண்டியில் வைக்க ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் இரு பக்க டிரைவ் ஷாஃப்ட்டும் சேர்த்தே வாங்க வேண்டும். ஏபிஎஸ் வண்டியாக இருந்தால் கூட்டின் மேல் சென்சார் வளையம் இருக்கிறதா என்பதும் முக்கியம்.

விகிதத்தைக் கிரவுன் விளிம்பில் பொறித்த எண்களிலிருந்து கணக்கிடலாம்: 41, 11 என்று இருந்தால் 41-ஐ 11-ஆல் வகுத்து 3.73. வண்டியில் இருந்தபடியே பார்க்க, இரு பின்சக்கரங்களையும் சேர்த்துப் பத்துச் சுற்று சுற்றி, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிப் பத்தால் வகுக்கலாம். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்து மற்றதை இருபது சுற்று சுற்ற வேண்டும். நான்கு சக்கர இழுவை வண்டியில் முன் ஆக்ஸிலின் விகிதமும் இதுவாகவே இருந்தாக வேண்டும். கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் நான்கு சக்கரத்தில் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறும்.

முடிந்தவரை முழு ஆக்ஸிலையோ, கிரவுனும் டெயில் பினியனும் அசையாமல் இருக்கும் முழு யூனிட்டையோ வாங்குங்கள். கூட்டை மட்டும் எடுத்து உங்கள் ஹவுசிங்கில் மாற்றினால் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) எல்லாவற்றையும் புதிதாக அளந்து போட்டு, பற்களில் மை தடவித் தொடுகைத் தடத்தையும் பார்க்க வேண்டும். கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தீட்டப்பட்டவை. ஒன்றின் கிரவுனோடு மற்றொன்றின் பினியன் சேராது. பேரிங் மூடிகளை எந்தப் பக்கம் எந்தத் திசையில் இருந்தனவோ அப்படியே திரும்பப் போட வேண்டும் என்பதால், கழற்றும் முன்பே சென்டர் பஞ்ச் கருவியால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎம் 7.5, 8.5 அங்குல ஆக்ஸில்களில் கிரவுன் போல்ட்டுகள் இடது மரை, அதாவது கடிகாரத் திசையில் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் வழக்கமான பக்கம் நெம்பி போல்ட் தலையை முறிப்பது சாதாரணமாக நடக்கிறது. பினியன் சீல் மட்டும் மாற்றும்போதும் நட்டின் நிலையைக் குறித்து வைத்து, சுற்றுகளை எண்ணிக் கழற்றுங்கள். உள்ளே நசுங்கும் ஸ்லீவ் இருக்கும் வகையில் நட்டைக் கூடுதலாக இறுக்கினால் பேரிங் முன்னழுத்தம் கூடி, பேரிங் சூடேறிப் போகும். ஃபோர்டு 8.8-இல் புதுப் பேரிங்குக்குப் பினியன் சுழல வேண்டிய அளவு சுமார் 1.8 முதல் 3.3 நியூட்டன் மீட்டர். ஓடிய பேரிங்குக்கு அதில் பாதி.

இப்போது ஆயில். குறிப்பின் இந்தப் பகுதிதான் எங்களை எழுத வைத்தது.

கிரவுனும் பினியனும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியபடி சேரும் ஹைபாய்டு பற்கள் என்பதால் எல்லா வகைக்கும் ஜிஎல்-5 தர கியர் ஆயில் வேண்டும், ஜிஎல்-4 போதாது. தடிமன் 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90, 75டபிள்யூ-140 என்று கையேடு சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். அடிட்டிவ் விஷயத்தில்தான் வகை குறுக்கே வருகிறது. பிளேட் வகைக்கும் கூம்பு வகைக்கும் உராய்வைச் சீராக்கும் அடிட்டிவ் அவசியம். டிராக்ஷன்-லாக், டிராக்-லாக், போசி ஆகியவற்றுக்கு வழக்கமான அளவு ஒரு சிறு பாட்டில், அதாவது 118 மில்லிலிட்டர். சில ஆயில் டப்பாவிலேயே எல்எஸ்டிக்கு ஏற்றது என்று போட்டிருக்கும். அதில் அடிட்டிவ் ஏற்கெனவே கலந்திருக்கிறது, மறுபடி முழுப் பாட்டில் ஊற்றினால் பிளேட் வழுக்கும்.

பல்சக்கர வகைக்கு அடிட்டிவ் தேவையில்லை. அதன் வேலையே பற்களுக்கு இடையிலான உராய்வில் நடக்கிறது; உராய்வைக் குறைத்தால் பிடிப்பும் குறையும். ட்ரூடிராக்குக்கு ஈட்டன் பரிந்துரைப்பது சிந்தெடிக் அல்லாத மினரல் ஜிஎல்-5 ஆயில், அடிட்டிவ் இல்லாமல். ஜி80 லாக்கருக்கும் அடிட்டிவ் கூடாது. ஊற்றினால் உள்ளே இருக்கும் பிளேட் வழுக்கிப் பூட்டுவதே தாமதமாகும். விஸ்கஸில் திரவம் தனி உருளைக்குள் சீல் ஆகியிருப்பதால் வெளியே ஊற்றும் ஆயில் பற்களுக்கும் பேரிங்குக்கும் மட்டுமே. அடிட்டிவ் எந்தப் பயனும் தராது. ஆக ஐந்தில் மூன்று வகைக்கு, குறிப்பில் சொன்ன பாட்டில் தேவையற்றது அல்லது கெடுதல்.

ஆயில் மாற்றும்போது முதலில் ஊற்றும் துளையின் மூடியைத் திறந்து பாருங்கள், அது கழன்று வந்த பிறகே வடிகாலைத் திறங்கள். துரு பிடித்து மேல் மூடி வராமல் போனால் காலி டிஃபரன்ஷியலோடு நிற்க வேண்டிவரும். சிறிது தூரம் ஓட்டிச் சூடாக்கி வடித்தால் அழுக்கோடு இறங்கும். வடிகால் மூடி இல்லாத ஹவுசிங்கில் பின் கவரையே கழற்ற வேண்டும். உள்ளே டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவ வேண்டாம். பிளேட்டுகளுக்கு நடுவே புகுந்தது முழுதாக வெளியே வராது, புது ஆயிலை நீர்க்கச் செய்யும். பஞ்சில்லாத துணியால் அடிப்பகுதியைத் துடைத்தால் போதும். அடிட்டிவை முதலில் ஊற்றி, பிறகு ஆயிலை ஊற்றினால் துளை நிறைந்து அடிட்டிவுக்கு இடமில்லாமல் போகும் நிலை வராது. வண்டி சமதளத்தில் நிற்கும்போது துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். அதற்கு மேல் நிரப்பினால் காற்றுத்துளை வழியாகவோ ஆக்ஸில் சீல் வழியாகவோ வெளியேறிப் பிரேக் ஷூவில் படியும். காற்றுத்துளை சேறு அடைத்திருந்தாலும் இதே கதைதான். சூட்டில் உள்ளழுத்தம் ஏறி, சீலைத் தாண்டி ஆயில் வரும். சீலை மாற்றும் முன் காற்றுத்துளையைச் சுத்தம் செய்யுங்கள்.

பிளேட் வகைக்கு 30,000 முதல் 50,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றுவது நல்லது. பளு இழுக்கும் வண்டிக்கு இன்னும் முன்னதாக. ஆக்ஸில் மூழ்கும் ஆழத்துக்குத் தண்ணீரில் இறங்கியிருந்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் உடனே திறந்து பாருங்கள்.

வண்டி சூடான பிறகு மெதுவாக முழு ஸ்டியரிங் ஒடித்துத் திரும்பும்போது பின்னால் கடகடவென்று நடுக்கமோ உறுமலோ வந்தால், பிளேட்டுகள் சீராக வழுக்காமல் ஒட்டி ஒட்டி விடுகின்றன என்று பொருள். பல மெக்கானிக்குகள் இதைக் கேட்டதும் பேரிங் என்றோ பல் என்றோ பிரித்துவிடுகிறார்கள். நேராகப் போகும்போது சத்தமில்லை, திருப்பத்தில் மட்டும் வருகிறது என்றால் முதலில் சரியான ஆயிலும் அடிட்டிவும் போட்டுப் பாருங்கள். பிறகு காலி இடத்தில் மெதுவாக, இடமும் வலமுமாக மாறி மாறி எட்டு வடிவில் பத்துப் பன்னிரண்டு முறை ஓட்டினால் புது ஆயில் பிளேட் நடுவே புகும். அப்போதும் மிச்சமிருந்தால் 30 மில்லிலிட்டர் மட்டும் கூடுதலாக ஊற்றி மறுபடி ஓட்டுங்கள். சத்தம் போகும்வரை பாட்டில் பாட்டிலாக ஊற்றுவது பிடிப்பைக் கொன்று சத்தத்தை நிறுத்துவதாகும். நேர் ஓட்டத்தில் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதோ விடும்போதோ ஊளைச் சத்தம் வந்தால் அது கிரவுன்-பினியன் விஷயம். எந்த அடிட்டிவும் தீர்க்காது. கிளட்ச் விடும்போது ஒரே ஒரு 'டக்' என்றால் குறுக்கு ஷாஃப்ட் அல்லது யுனிவர்சல் ஜாயிண்ட் தேய்மானத்தைத் தேடுங்கள்.

பிளேட் மாற்றும் வேலையில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். எஸ் ஸ்பிரிங் அழுத்தத்தோடு இருப்பதால் தட்டி எடுக்கும்போது தெறிக்கும்; பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அதைத் தொடக் கூடாது. புதுப் பிளேட்டுகளைக் கோக்கும் முன் அடிட்டிவில் குறைந்தது அரைமணி நேரம் ஊற வையுங்கள். காய்ந்த பிளேட் முதல் சில கிலோமீட்டரிலேயே எரிந்து மினுமினுப்பு ஏறிவிடும். பழைய அடுக்கின் வரிசையையும் ஷிம் தடிமனையும் பக்கம் வாரியாக எழுதி வைத்து அதே வரிசையில் கோக்க வேண்டும். இரும்புப் பிளேட்டின் காதுகள் உட்காரும் கூட்டுப் பள்ளத்தில் குழி விழுந்திருந்தால், புதுப் பிளேட்டும் அந்தக் குழியில் சிக்கி நகராது. அந்தக் கூட்டுக்குப் பிளேட் வாங்குவது வீண். மாற்றிய பின் 800 முதல் 1,000 கிலோமீட்டரில் ஆயிலை ஒருமுறை மாற்றிவிடுங்கள், ஆரம்பத் தேய்மானத் துகள் எல்லாம் அதில்தான் வரும்.

எல்எஸ்டி உள்ள ஆக்ஸிலில் இரு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே காற்றழுத்தம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் புதியது, மறுபக்கம் மொட்டை என்றால் நேர் சாலையிலேயே பிளேட்டுகள் இடைவிடாமல் உரசிக்கொண்டே போகும். பிளேட் சீக்கிரம் தீர்ந்துபோகும் வண்டிகளில் முதலில் டயரைத்தான் பார்க்க வேண்டும். பஞ்சரின்போது சிறிய ஸ்பேர் சக்கரத்தைப் பின்னால் மாட்டி நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். முன்சக்கரம் ஒன்றைப் பின்னால் மாற்றி, சிறியதை முன்னால் போடுவது பாதுகாப்பு.

உங்கள் குறிப்பில் அறவே விடுபட்ட ஓர் எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். எல்எஸ்டி வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்து இன்ஜினை ஓடவிட்டுக் கியர் போடக் கூடாது. தரையில் இருக்கும் மற்ற சக்கரத்துக்கும் இழுவை போகும். வண்டி ஜாக்கியிலிருந்து குதித்து ஓடும். வண்டியிலேயே வைத்து வீல் பேலன்ஸ் செய்வோரும், பேரிங் சத்தம் கேட்க இன்ஜினால் சக்கரத்தைச் சுற்றவிடுவோரும் இரு பின்சக்கரங்களும் தரையை விட்டு எழும்பி ஸ்டாண்டில் நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே இன்ஜினைத் தொட வேண்டும். ஆயில் பற்றிய திருத்தத்தையும் அதே பக்கத்தில் வெளியிட்டால், அந்தக் குறிப்பைப் படித்து டோர்சனுக்கோ லாக்கருக்கோ அடிட்டிவ் ஊற்றியவர்கள் அதை வடித்துவிட்டு வெறும் ஜிஎல்-5 நிரப்பிக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பின் ஆக்ஸில் வேலை செய்யும் வாசகர்கள்